கூடாரத்துக்கு வெளியே ஏழு நாள்

“இன்னைக்கு நற்கருணைக்குக் கடைசிப் பெஞ்சுல இருந்து ஆரம்பிச்சு வாங்க. பின்னால ஃபேன் இல்ல, வயசானவங்க வேர்வையில ஒரு மணி நேரம் காத்துக் கிடக்காங்க, அது சரியில்ல” என்று புது ஐயர் அறிவிப்புகளோடு அறிவிப்பாகச் சொல்லிவிட்டு, மாதர் சங்கக் கூட்டம், கல்லறைத் தோட்டச் சுவர் என்று அடுத்ததுக்குப் போய்விட்டார். ஞானாபரணத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைசிப் பெஞ்சு. ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பெஞ்சில், சுவரை ஒட்டி, இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பது அவர்தான். வந்து இருபத்திரண்டு நாளே ஆன ஹேமல்டன் ஐயருக்கு அது எப்படித் தெரியும்? போதகரை இந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வது. வருகிற ஐயருக்கெல்லாம் உபதேசியார் ஊர் விவரம் சொல்லிக் கொடுத்துவிடுவார்: குடிதண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, பாட்டுக்குழுவில் யாரைக் கண்டிக்கக் கூடாது. இதை மட்டும் சொல்ல விட்டுப்போயிருக்கிறது. சொல்லத்தான் என்ன இருக்கிறது, இது எழுதி வைத்த சட்டமா? இந்தக் கோயிலில் நற்கருணைத் திராட்சரசத்துக்கு ஒரே கிண்ணம். இருநூறு பேரும் அதில்தான் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். எல்லாரும் குடித்து முடித்த பிறகு கடைசி ஆளாக ஞானாபரணம் போய் முழங்கால் போடுவார். அவருக்குப் பின்னால் ஒருவரும் கிடையாது. யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஓட்டு வீட்டில் ஒழுகுகிற இடத்தில் தானாக ஒரு வாளி வந்து உட்கார்ந்துகொள்வதுபோல அது நடந்து வந்தது. இன்றைக்கு அவர் முதலில் போகவேண்டும். அவர் வாய் வைத்த கிண்ணத்தில் இருநூறு பேர் வாய் வைக்கவேண்டும். வைப்பார்களா? இன்னும் பாவ அறிக்கை இருக்கிறது, காணிக்கை இருக்கிறது, ஒரு பாட்டு, ஒரு நீண்ட ஜெபம். இருபது நிமிஷம் தேறும். இருபது நிமிஷத்தில் ஒரு மனுஷன் நெஞ்சு வலித்துச் செத்தும் போகலாமே என்று அவருக்கு ஒரு நப்பாசைகூட வந்தது.

வலது கைப் பெருவிரல் தானாகப் போய் வேட்டி மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. அந்த விரலுக்கு வெட்கம் மட்டும் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. சூடு தெரியாது, குளிர் தெரியாது, ஊசி தெரியாது. ஊசியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அப்போது பஜாரில் தையல் கடை, இரண்டு மிஷின், வாசலில் சாய்வாக ஒரு கண்ணாடி. ஐயர்மாருக்கு வெள்ளை அங்கி தைப்பதில் ஞானாபரணத்தின் கை பேர் வாங்கின கை. ஓரம் மடித்துக் கையால் தைத்தால் தையல் இருக்கிற இடமே தெரியாது. அப்படி ஒரு அங்கியை மடியில் போட்டு ஓரம் தைத்துக்கொண்டிருந்தபோது, சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருத்தர் “அண்ணாச்சி, ரத்தம்” என்றார். பார்த்தால் ஊசி பெருவிரலுக்குள் ஏறி மறுபக்கம் வந்திருக்கிறது. இவர் நூலை இழுத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளைத் துணியில் நெல்மணி அளவுக்கு நாலைந்து சிவப்புப் பொட்டு. அப்போது பயமா வந்தது? பெருமையல்லவா வந்தது! பதினைந்து வருஷத் தையலில் விரல் காய்த்துப்போயிருக்கிறது என்று அந்த ஆளிடம் சிரித்துச் சொன்னாரே. அப்புறம் நடக்கும்போது வலது காலில் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் பாதி பஜார் நடந்தார். அப்புறம் சவரம் பண்ணுகிறவர் காதுமடலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதென்ன தடிப்பு என்றார். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பேனா முனையால் தொடுவேன், தொட்ட இடத்தைக் காட்டுங்கள் என்றார். ஞானாபரணம் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் காத்திருந்தார். டாக்டர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தார். கண்ணைத் திறந்தபோது டாக்டர் முடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன இடைவெளி, கண்ணை மூடிக்கொண்டு தொடுவார் தொடுவார் என்று காத்துக் கிடந்த அந்த நேரம், இன்றைக்கும் சில சமயம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று வந்துவிடும். இரண்டு வருஷம் மாத்திரை. தோல் கறுத்தது, சிறுநீர் சிவந்தது, விடாமல் விழுங்கினார். முடிந்ததும் டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தாள் கொடுத்தார். “உங்ககிட்ட இருந்து இனி ஒரு எறும்புக்குக்கூட ஒட்டாது. உள்ளதச் சொன்னா, மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே ஒட்டாம ஆயிட்டு” என்றார். தாள் இன்றைக்கும் பீரோவில் கல்யாண ஆல்பத்துக்கு அடியில் இருக்கிறது. சுத்தமாகிவிட்டது என்று தாளுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், விரலுக்குத் தெரிந்தால்தானே.

எல்லாரும் முழங்கால் போட்டார்கள். பாவ அறிக்கை. வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. எப்சிபா பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் முக்காடு போட்டுக் குனிந்திருப்பது தெரிந்தது. பிறகு ஒரு தடவை திரும்பி அவரைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷப் பெண்டாட்டி, அறிவிப்பு அவள் காதிலும் விழுந்திருக்கும். ஓடிப்போயிராதீங்க என்கிற பார்வையா, பயப்படாதீங்க என்கிற பார்வையா? இரண்டும் அவளுக்கு ஒரே பார்வைதான். வீட்டில் அவருக்கென்று தனி டம்ளர் வைத்துக்கொண்டது அவரே. அடியில் சிவப்புப் பெயிண்ட் தொட்டு வைத்ததும் அவரே. எப்சிபா அதை எத்தனையோ தடவை தேய்த்து அழித்தாள். “டாக்டர் சொல்லியாச்சு, கவருமெண்டு சொல்லியாச்சு, ஆண்டவரும் சொல்லியாச்சு. நீங்க யாரு சொன்னாக் கேப்பீங்க?” என்று கேட்டாள். பெயிண்ட் தேய்ந்தால் இவர் மறுபடி தொட்டு வைப்பார். கலியாணமாகிப் போன மகளே கேட்டிருக்கிறாள், அப்பாவுக்கு மட்டும் ஏன் மருதாணி வைத்த டம்ளர் என்று. சிரித்தார்கள். அதெல்லாம் சிரித்துக் கழிந்துபோனது. ஆனால் கோயிலில் எப்படிச் சிரிப்பது?

ஜெபம் ஓடியது. மடியில் இருந்த வேதப்புத்தகம் கை தட்டித் தானாகத் திறந்துகொண்டது, எப்போதும் திறக்கிற இடத்தில். எல்லாருக்கும் சங்கீதத்தில் திறக்கும். அவருடையது லேவியராகமத்தில்தான் திறக்கும், பதிமூன்றாம் அதிகாரமும் பதினாலாம் அதிகாரமும். அந்த இரண்டு தாளும் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறிக் கிடக்கின்றன. யாரும் பிரசங்கம் பண்ணாத பகுதி. அதெல்லாம் பழைய ஏற்பாடு, கிறிஸ்து வந்து முடிந்துபோன சட்டம், நமக்கு அது இல்லை என்று இதுவரை வந்துபோன ஏழு ஐயர்மாரும் சொல்லிவிட்டார்கள். இல்லைதான். இல்லாத சட்டம் எப்படி நடந்து நடந்து இந்தக் கடைசிப் பெஞ்சு வரைக்கும் வந்து சேர்ந்தது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. முதலில் அவர் பதிமூன்றைத்தான் படித்தார், குஷ்டரோகி எப்படி இருக்கவேண்டும் என்கிற சட்டம். கிழிந்த உடுப்பு, மூடின வாய், தீட்டு தீட்டு என்று தானே கூவிக்கொண்டு பாளயத்துக்கு, அதாவது கூடாரங்கள் போட்ட ஊருக்கு, வெளியே தனியாக இருப்பது. அதைப் படித்துப் படித்து அழுதார். பதினாலுக்கு வர வருஷக்கணக்கு ஆயிற்று. வந்தால் அங்கே வேறு கதை இருக்கிறது. நோய் நீங்கினவன் ஆசாரியனை, அந்தக் காலத்து ஐயரை, தேடி உள்ளே வரவேண்டாம். ஆசாரியன் எழுந்து, பாளயத்தை விட்டு வெளியே நடந்து, அவன் இருக்கிற இடத்துக்குப் போய்ப் பார்க்கவேண்டும். இரண்டு குருவி வேண்டும். ஒன்றை ஊற்றுத்தண்ணீர் மேல் கொல்வார்கள். இன்னொன்றை அந்த ரத்தத்தில் தோய்த்து வெளியிலே பறக்க விடுவார்கள். அந்தக் குருவி எங்கே போயிருக்கும்? விட்டாச்சு என்று அதற்கு யார் சொல்வார்கள்? இறகு ஈரம் உலருகிற மட்டும் பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கும், மறுபடி பிடிப்பார்கள் என்று. அப்புறம் அந்த மூன்று இடம். பலி ஆட்டின் ரத்தத்தை எடுத்துச் சுத்தமானவனுடைய வலது காதுமடலில், வலது கைப் பெருவிரலில், வலது கால் பெருவிரலில் தொட்டு வைக்கவேண்டும், அதன்மேல் எண்ணெய். முதல் தடவை அதைப் படித்தபோது ஞானாபரணத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காது, கை, கால். அவருக்கு மரத்துப்போன மூன்று இடமும் அதே மூன்று இடம். டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார், அந்தக் காலத்துக் குஷ்டம் வேறு, இது வேறு என்பார். வேறாகவே இருக்கட்டும். உணர்ச்சி போன இடமாகப் பார்த்துத் தொடச் சொன்னவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

ஆனால் அவரைச் சிக்க வைத்தது அதற்கு நடுவில் இருக்கிற ஒரு வரி. குருவியைப் பறக்க விட்டாயிற்று, குளித்தாயிற்று, உடுப்பைத் தோய்த்தாயிற்று, சுத்தம் என்று சொல்லியாயிற்று, பாளயத்துக்குள்ளே வரலாம். ஆனாலும் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே தங்கவேண்டும். ஊருக்குள் வந்துவிட்டான், தன் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் படுத்துக்கொண்டு உள்ளே பெண்டாட்டி பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பான். ஏழு நாள்தான். எட்டாம் நாள் எல்லாம் முடிந்து உள்ளே போய்விடுவான். சட்டத்தில் நாள் குறித்திருக்கிறது. கடுமையான சட்டம்தான், ஆனால் அதற்கு ஒரு எட்டாம் நாள் இருக்கிறது. இவர்களிடம் அது இல்லை. இவர்களிடமா? ஞானாபரணம் அந்த இடத்தில் எப்போதும் தடுக்கி விழுவார். இவர்கள் என்றால் யார்? எந்த வாய் சொன்னது, நீ கடைசியாக வா என்று? இருபத்தெட்டு வருஷத்தைத் திருப்பித் திருப்பி உதறிப் பார்த்தாலும் அந்த வாய் அகப்படவில்லை. ஒரே ஒருவர் பேரில்தான் சந்தேகம். அவர் இதோ இதே பெஞ்சில், இவருக்கு வலது பக்கம், நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். மாசிலாமணி சார். எண்பத்தொரு வயது, ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை.

அப்போது அவர்தான் சபைக் கமிட்டிச் செயலாளர். மாத்திரை முடிந்த வாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். வராத மனுஷன் வந்ததும் இவருக்கும் எப்சிபாவுக்கும் கை கால் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். எப்சிபா காப்பி கொண்டுவந்து வைத்தாள். “நாளைக்குக் கோயிலுக்கு வாடே. பின்னால உக்காரு” என்று சொன்னார். பின்னால உக்காரு. அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதோ சொன்னார். அது காதில் நிற்கவில்லை. இவருடைய கண்ணெல்லாம் அந்தக் காப்பி டம்ளர் மேல் இருந்தது. ஆவி பறந்தது. ஆடை படர ஆரம்பித்தது. சார் அதை எடுத்தாரா? குடித்தாரா? அதுதான் தெரியவில்லை. டம்ளர் நாற்காலிக் கையில் இருந்தது ஞாபகம் இருக்கிறது, சார் எழுந்து செருப்புப் போட்டது ஞாபகம் இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. எப்சிபாவிடம் கேட்டிருக்கலாம், டம்ளரைக் கழுவினவள் அவள்தானே. கேட்கவில்லை. குடிக்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டால்? மறுநாள் இவர் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், முன் பெஞ்சில் முதல் இடத்தில் உட்காருகிற மாசிலாமணி சார் எழுந்து வந்து இந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். “இங்க நல்லாக் காத்து வருது” என்றார். காவலுக்கு வந்திருக்கிறார் என்று ஞானாபரணம் நினைத்துக்கொண்டார். இவன் எங்கேயாவது கூட்டத்தோடு கலந்து போய்விடக் கூடாதே என்று. நற்கருணைக்கு அந்தப் பெஞ்சின் முறை வந்தபோது சார் முழங்காலை ஒதுக்கிக்கொண்டு, போ என்று கை காட்டினார். “நீங்க முதல்ல போங்க சார்” என்றார் இவர். சார் கொஞ்சம் நின்றார், அப்புறம் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசமும் அதே கை, அதே முழங்கால், அதே “நீங்க முதல்ல போங்க சார்”. மரியாதைக்குக் கை காட்டுகிறார், மனசில் வேறு இருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான் வாசித்திருக்கிறார்.

காணிக்கைப் பை வந்தது, போயிற்று. பாட்டு ஆரம்பித்தது. அவருக்குப் பின்னால் யாருமே குடித்ததில்லை என்று சொன்னால் அதுவும் பொய். மீந்ததை ஐயர் குடிக்கவேண்டும் அல்லவா. குடித்து, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்துச் சுத்தம் பண்ணவேண்டும். அப்படி ஏழு ஐயர்மார் வந்து போனார்கள். ஒருத்தர் மட்டும் மீந்ததைக் குடிக்காமல் பக்கத்து வாசல் வழியாகப் போய்க் குரோட்டன்ஸ் செடி மூட்டில் ஊற்றுவார். அதுவும் முறைதான், மண்ணிலே ஊற்றலாம் என்று இருக்கிறதாம். முறைதான் என்று தெரிந்தும் ஞானாபரணம் மூன்று வருஷம் அந்தச் செடியைப் பார்க்காமல் நடந்தார். அடுத்து வந்தவர், குள்ளமான கிழவர், எல்லார் முன்னாலும் தலையை அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஞானாபரணம் ஆட்டுக்கறி எடுத்து வரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அப்புறம் கொரோனா வந்தது. கோயிலில் வட்டம் போட்டு ஆறடிக்கு ஒருத்தராக உட்கார வைத்தார்கள். எல்லார் வாயும் மூடியிருந்தது. ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம். ஊரே பாளயத்துக்கு வெளியே வந்துவிட்டது! ஒருவர் தொட்டதை ஒருவர் தொடவில்லை; மகன் அப்பனைத் தொடவில்லை. வெட்கக்கேடு, ஞானாபரணம் அந்த இரண்டு வருஷமும் கோயிலில் நிம்மதியாக இருந்தார். ஆண்டவரே மன்னியும், என்று இப்போது அதற்குத் தனியாக ஒரு பாவ அறிக்கை சொல்லிக்கொண்டார்.

பாட்டு மூன்றாவது அடிக்கு வந்துவிட்டது. அவர் மனசில் திட்டம் தயாராகிவிட்டது. பெஞ்சு எழுந்ததும் ஒன்றுக்குப் போகிறவர்போலப் பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவது. வேப்பமரத்தடியில் நிற்பது. எல்லாரும் முடித்ததும் வந்து, வழக்கம்போலக் கடைசி ஆளாக முழங்கால் போடுவது. யாருக்கும் சங்கடம் இல்லை. யாரும் வாயைத் துடைத்துக்கொள்வதை, உதட்டில் படாமல் கிண்ணத்தைச் சாய்ப்பதை, எனக்கு வேண்டாம் என்று கை காட்டுவதை அவர் பார்க்கவேண்டியதில்லை. நல்ல திட்டம். இத்தனை நல்ல திட்டத்தில் ஏன் நெஞ்சு இப்படிக் கனக்கிறது? இயேசு தொட்டாரே, அந்தக் குஷ்டரோகியை. சுத்தமாக்கிவிட்டுத் தொடவில்லை, தொட்டுச் சுத்தமாக்கினார். தொட்டபோது அவன் தீட்டோடுதான் இருந்தான். போய் ஆசாரியனுக்குக் காட்டு, கட்டளைப்படி செய் என்று அனுப்பினாரே, ஏன்? சட்டம் வேண்டாம் என்கிறவர் ஏன் அனுப்பவேண்டும்? அவன் எட்டாம் நாளை எண்ணவேண்டும் என்றுதான். உனக்கு நல்லதாகிவிட்டது என்று ஒருத்தன் வாயால் சொல்லி, ஊர் அதைக் கேட்டு, அவன் தன் கூடாரத்துக்குள் குனிந்து நுழையவேண்டும். உடம்பு குணமாவது ஒன்று, உள்ளே வருவது வேறொன்று. அப்புறம் அவன் ஊருக்குள் போனான். வெளியே வனாந்தரத்தில் தங்கினவர் இயேசு. ஞானாபரணத்துக்கு அது இப்போதுதான் தெரிவதுபோல இருந்தது. உள்ளே வரச் சொல்லித் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு அவர் வெளியே நிற்கிறார். இந்த ஞானாபரணம் என்னடா என்றால் உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் படுத்து அடம்பிடிக்கிறான். இருந்தாலும் இந்த இருநூறு பேர் இயேசு இல்லையே. பாட்டு முடிந்தது.

ஐயர் நீண்ட ஜெபத்தையும் முடித்துவிட்டார். தான் உட்கொண்டுவிட்டு, அப்பத் தட்டைக் கையில் எடுத்துத் திரும்பி, கோயிலின் இந்தக் கோடியைப் பார்த்தார். ஞானாபரணம் எழுந்தார். பின்வாசல் நாலு எட்டுத்தான். ஆனால் பெஞ்சை விட்டு வெளியே வர மாசிலாமணி சாரைத் தாண்டவேண்டும். சார் முழங்காலை ஒதுக்கி, போ என்று கை காட்டினார். “நீங்க முதல்ல போங்க சார்.” சார் அசையவில்லை. “கால் மரத்துப்போச்சுடே. நீ முன்னால நட, நான் உன்னப் பிடிச்சுக்கிட்டே வாரேன்” என்றார். இது எங்கேயிருந்து வந்த புது வியாதி? காலையில் சைக்கிளில் அல்லவா வந்தார்! கோயில் முழுக்க அமைதியாக இருந்தது. பீடத்தில் ஐயர் தட்டோடு நின்றார். முன்னால் இருந்த நாலைந்து தலை திரும்பிற்று. ஞானாபரணம் நடைபாதைக்கு வந்தார். வந்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு கை அவர் வலது தோளைப் பிடித்துக்கொண்டது. எலும்பும் நரம்புமான கை, ஆனால் வகுப்பறையில் காது பிடித்த கை, விடாது. பின்வாசல் பக்கம் திரும்ப வழியில்லை. நடந்தார். இந்த நடைபாதை இத்தனை நீளமா? வழக்கமாக அவர் நடக்கும்போது எல்லாரும் உட்கொண்டுவிட்டுத் தலை குனிந்து ஜெபத்தில் இருப்பார்கள், அவரை யாரும் பார்ப்பதில்லை. இன்றைக்கு எல்லாத் தலையும் நிமிர்ந்திருக்கிறது. மூன்றாவது பெஞ்சைத் தாண்டும்போது எப்சிபாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவார்.

பீடத்துக் கிராதிக்கு முன்னால் முழங்கால் போட்டார். பக்கத்தில் சார் முழங்கால் போட்டார், மரத்துப்போன கால்காரர் என்ன சுலபமாகப் போட்டார். அந்தப் பக்கம் இன்னும் எட்டுப் பத்துப் பேர். அப்பம் உள்ளங்கையில் வந்தது, நாக்கில் கரைந்தது. அடுத்தது கிண்ணம். ஐயரின் வெள்ளை அங்கி கண்ணுக்கு நேரே வந்து நின்றது. ஓரத் தையல் கோணல், எந்த ஊர்த் தையலோ. கிண்ணம் உதட்டுக்கு வந்தது. வெள்ளி குளிர்ந்திருந்தது, உதட்டுக்கு எல்லாம் தெரியும், உதடு ஒரு நாளும் மரத்துப்போகவில்லை. உதட்டை நனைக்கிற அளவுக்குச் சொட்டுப் போதும் என்று அவர் பின்வாங்கினார். ஐயருக்கு அது பிடிபடவில்லை போல, இன்னும் கொஞ்சம் சாய்த்தார். வாய் நிறைந்தது. விழுங்கினார். நிறைந்த கிண்ணத்தில் வாய் வைப்பது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் அடியில் கிடப்பதைத்தான் குடித்திருக்கிறார், அதில் நாலு பேர் அப்பத் துணுக்கும் கிடக்கும். ஐயர் கையில் இருந்த சின்ன வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்தார். அந்தத் துணியை ஞானாபரணத்துக்குத் தெரியும். எப்சிபா கையில் கொடுத்து, கடையில் வாங்கினது என்று சொல்லச் சொல்லி அவர் தைத்துக் கொடுத்த ஒரு டஜனில் ஒன்று. தன் தையல் தனக்குத் தெரியாதா. கிண்ணம் நகர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் முன்னால் மூடிக்கொண்டதுபோல. தொடுவார், தொடுவார் என்று காத்திருந்ததுபோல. பக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சார் வேண்டாம் என்று தலை அசைக்கிறாரா? உதட்டில் படாமல் சாய்க்கிறாரா? அப்புறம் கேட்டது. மடக் என்று ஒரு சத்தம். கிழவர்கள் கஞ்சி குடிக்கிறபோது கேட்கிற, கூச்சம் இல்லாத, பெரிய மிடறு. அதற்கு அப்புறம் அடுத்தவர். அதற்கு அப்புறம் அடுத்தவர். சத்தம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தார்கள். ஞானாபரணத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியாகப் போகிறவனுக்குத் திரும்பி வந்து உட்காரும்போதே ஆராதனை முடிந்துவிடும். முதலில் உட்கொண்டவர்கள் இத்தனை நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை. ஒன்றும் செய்வதில்லை. சும்மா உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைப் பார்க்கிறார்கள். அவரும் பார்த்தார். வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். கல்லூரிப் பிள்ளைகள், கைப்பிள்ளைக்காரி, அவருடைய தம்பி, தம்பி பெண்டாட்டி. ஒரே ஒரு பெண்பிள்ளை கிண்ணம் வந்தபோது தலையை அசைத்து வேண்டாம் என்றாள், அப்பத்தோடு எழுந்துவிட்டாள். அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. தைத்தது தெரிந்தது, அது ஆறியும் போயிற்று. மற்ற எல்லாரும் குடித்தார்கள். தெரிந்து குடித்தார்களா, மறந்து குடித்தார்களா, யாருக்குத் தெரியும். மறந்திருந்தால் அது இன்னும் நல்லதல்லவா? எப்சிபா போனாள். இரண்டு கையாலும் கிண்ணத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் பாக்கிக்கும் சேர்த்துக் குடிப்பவள்போலக் குடித்தாள். திரும்பி வரும்போது அவரைப் பார்த்து, ஊர் பார்க்கிறதே என்றுகூட நினையாமல், சிரித்தாள். கடைசியாக முன் பெஞ்சுக் கமிட்டிக்காரர்கள், இது என்னடா புது வழக்கம் என்கிற முகத்தோடு, அடியில் கிடந்ததைக் குடித்துவிட்டு வந்தார்கள்.

மாசிலாமணி சார் சாய்ந்து அவருடைய வலது காதருகே வாயைக் கொண்டுவந்தார். அந்த மடலுக்கு ஒன்றும் தெரியாது, காதுக்குக் கேட்கும். “இருபத்தெட்டு வருஷமா உனக்குப் பின்னால குடிக்கணும்னு நிக்கேன். நீ விட்டாத்தானடே? மொத நாளைக்கு மட்டும் பின்னால உக்காரு, சங்கடமா இருக்காதுன்னு சொன்னேன். நீ இங்கயே குடியேறிட்ட. உன்ன உக்கார வச்சவன் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு முன்னால போயி உக்கார? காத்து வருதுன்னு சொல்லி இந்தப் புழுக்கத்துல கிடந்து சாகுதேன்.” ஞானாபரணம் தலையைத் திருப்பாமல் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து பீடம் இரண்டாகத் தெரிந்தது. மொத நாளைக்கு மட்டும். அவர் அதைக் கேட்கவே இல்லை. “அடுத்த மாசம் ஐயர் எங்க இருந்து வேணும்னாலும் ஆரம்பிக்கட்டும்” என்றார் சார். “கடைசி மிடறு எனக்கு. இத்தன வருஷம் நீ ஒருத்தனே குடிச்சாச்சு.” ஐயர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அலசிக் குடித்து, துணியை மடித்து மேலே போட்டார். இனி ஆசீர்வாதம்தான் பாக்கி. ஞானாபரணம் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணினார். “சார், அன்னைக்கு எங்க வீட்டுல காப்பி குடிச்சீங்களா?”

“குடிச்சேனே” என்றார் மாசிலாமணி சார். “சீனி இல்ல. நீங்க ரெண்டு பேரும் இருந்த இருப்புல எப்படிடே கேக்க?”

ஆசீர்வாதத்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். ஞானாபரணமும் எழுந்து, முன் பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டார். வலது கை பெருவிரலோடு வெளியேதான் இருந்தது.